மணப்பிணைப்பும் இரு நீதிமன்றங்களும்

கணவனும் மனைவியும் இனி ஒரே கூரையின்கீழ் வாழ இயலாது என்னும் நிலை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் உருவாகுமானால், அவர்கள் எந்த வாயிலைத் தட்ட வேண்டும்? மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தையா, மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு நீதிமன்றத்தையா? இது குருக்களும் வழக்கறிஞர்களும் மட்டுமே அறிய வேண்டிய செய்தி என்று நம்மில் பலர் எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் இக்கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இருவரைப் பார்த்து, “நீங்கள் இனிக் கட்டுண்டவர்கள் அல்லர்” என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? கடவுள் முன்னிலையில் கொடுக்கப்பட்ட ஒரு சொல்லை மனிதர் எவரேனும் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? இவ்வினா சட்ட நூலோடு முடிவதில்லை. மனச்சான்றின் வாயில்வரை வந்து நிற்கிறது.

ஊர் கூடிப் பேசினால் போதுமா?

சேலம், நாமக்கல் சமவெளியின் பிழைப்புகள் பலவும் குடும்பத்தைப் பிரித்து வைப்பவை. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. நாமக்கல் லாரிகளில் செல்லும் ஓட்டுநர்களும் துணை ஆட்களும் பல வாரம் வீடு காண்பதில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியின் இரவு முறை கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பகலையும் இரவையும் பங்கிட்டு விடுகிறது. இத்தகைய வாழ்விலும் பெரும்பாலோர் அன்போடும் உண்மையோடும் இல்லறம் நடத்துகின்றனர் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால் விரிசல் விழுந்த வீடுகளும் நம் பங்குகளில் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

விரிசல் முற்றும்போது நம் மக்கள் முதலில் நாடுவது எந்த நீதிமன்றத்தையும் அன்று. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடுகிறார்கள். ஊரில் மதிப்புள்ளவர்கள் சிலர் நடுவில் அமர்கிறார்கள். நகையும் பாத்திரமும் சீர்வரிசையும் திருப்பித் தரப்படுகின்றன. முத்திரைத்தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ ஒன்று எழுதப்பட்டு, இருவரும் கையொப்பமிடுகின்றனர். ‘அத்துவிட்டாயிற்று’ என்று எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். சில ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்குமோ வேறு வரன் பேசப்படுகிறது.

இந்த நடைமுறைக்கு வேர் உண்டு. சில சமூகங்களில் வழிவழியாக வரும் மணவிலக்கு வழக்கத்தை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தன் 29-ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவ்வழக்கம் உண்மையில் நிலவுவது என்று மெய்ப்பிக்கப்பட்டால் அச்சமூகத்து இந்துக்களுக்கு அது செல்லும். அதே சமூகத்திலிருந்து திருமுழுக்குப் பெற்ற நம் குடும்பங்கள், பக்கத்து வீட்டாருக்குச் செல்லுவது தங்களுக்கும் செல்லும் என்று எண்ணிவிடுகின்றன. ஆனால் கிறித்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்தில் அப்படியொரு விதிவிலக்கு இல்லை. எனவே அந்த முத்திரைத்தாள் கோயிலிலும் செல்லாது, கச்சேரியிலும் செல்லாது. இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு கடிதத்துக்கு உள்ள மதிப்பே அதற்கு உண்டு. அதனை நம்பி மறுமணம் செய்து கொள்பவர், தாம் அறியாமலேயே இருதார மணம் என்னும் குற்றத்தின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறார். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் போலவே, இதற்கு ஏழாண்டுவரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தருகிறது.

ஒரே பீடம், ஒரே பதிவேடு

நம் குழப்பத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. மணவாழ்வுக்குள் நுழையும்போது நமக்கு ஒரே வாயில்தான் தெரிகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்ட குரு தம் திருச்சபையின் முறைப்படி நடத்தி வைக்கும் திருமணத்தை அரசும் ஏற்கும் என்கிறது. மறைமாவட்ட ஆயர் வகுத்த முறையில் அதனைப் பதிவேட்டில் எழுதி, அதன் விவரத்தை அரசுப் பதிவாளருக்கு அனுப்பும் கடமையையும் குருவுக்கே தருகிறது. ஆகவே மணமக்கள் பீடத்தின்முன் ஒருமுறைதான் ‘ஆம்’ என்கிறார்கள். ஒரு பதிவேட்டில்தான் கையொப்பமிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல் இரு உறவுகளைத் தோற்றுவிக்கிறது. ஒன்று கடவுளின் திருமுன் நிற்கும் அருள்சாதனப் பிணைப்பு. மற்றொன்று நாட்டின் சட்டத்தில் கணவன், மனைவி என்னும் நிலை. சொத்துரிமை, பிள்ளைகளின் உரிமை, பராமரிப்பு உரிமை ஆகியவை அதிலிருந்து பிறக்கின்றன.

நுழையும் வாயில் ஒன்றாக இருந்ததால் வெளியேறும் வாயிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் வரலாறு அவ்வாறு அமையவில்லை. திருமண வழக்குகள் திருச்சபை நீதிபதிகளுக்கு உரியவை என்பதனை 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் உறுதியாக அறிவித்தது. கத்தோலிக்க ஒன்றிப்பிலிருந்து பிரிந்த இங்கிலாந்திலும்கூட, திருமண வழக்குகள் நெடுங்காலம் அந்நாட்டுத் திருச்சபையின் மன்றங்களிலேயே விசாரிக்கப்பட்டன. 1857-இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வதிகாரத்தை அரசு நீதிமன்றத்துக்கு மாற்றியது. அதனை அடியொற்றி 1869-இல் இங்கே இந்திய மணமுறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, இன்று சேலத்து நீதிமன்றம் ஒரு கிறித்தவத் தம்பதியின் வழக்கை விசாரிக்கிறது என்றால், அந்த அதிகாரம் கடல் கடந்து, ஒரு காலத்தில் திருச்சபை மன்றங்கள் ஏந்தியிருந்த கோலின் வழியாக வந்தது என்று சொல்லலாம்.

இரண்டு கேள்விகள்

இரு நீதிமன்றங்களும் ஒரே பொருளைப் பற்றி இருவேறு தீர்ப்பு வழங்கிப் போட்டியிடுகின்றன என்று எண்ணுவதே குழப்பங்களின் தாய். உண்மையில் அவை கேட்கும் கேள்விகளே வேறு.

திருச்சபைத் தீர்ப்பாயம் கேட்பது இது: பீடத்தின்முன் அந்த நாளில் உண்மையான திருமணம் ஒன்று உண்டானதா? மணமக்களின் இசைவுதான் திருமணத்தை ஆக்குகிறது. அவ்விசைவை வேறு எந்த மனித ஆற்றலும் ஈடுசெய்ய முடியாது என்பது திருச்சபையின் போதனை. அக்காள் மகள்தானே என்று தாய்மாமனுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுக்கப்பட்ட ஒரு பெண், அச்சத்தினால் மட்டுமே தலையசைத்திருந்தால், அங்கே இசைவு இல்லை. கடுமையான உண்மையொன்றை மறைத்து ஏமாற்றிப் பெற்ற இசைவும் இசைவன்று. மணவாழ்வின் அடிப்படைக் கடமைகளை ஏற்கும் உளத்திறனே இல்லாதவரின் ‘ஆம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இல்லை. இவற்றை ஆராய்ந்து, தொடக்கத்திலேயே பிணைப்பு உண்டாகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தீர்ப்பாயம் அதனை அறிவிக்கிறது. அது எதையும் அறுப்பதில்லை. இல்லாததை இல்லை என்று சொல்கிறது. முறைப்படி நிறைவேறி, உடலுறவால் முழுமை பெற்ற அருள்சாதனத் திருமணத்தை இறப்பைத் தவிர வேறு எதுவும் பிரிக்க இயலாது என்பதில் திருத்தந்தைக்கும் விலக்கில்லை.

அரசு நீதிமன்றம் கேட்பது வேறு. இவ்விருவரின் சட்ட உறவு இனியும் தொடர வேண்டுமா? இவர்களுள் ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைத்திருக்கிறாரா? பிள்ளைகள் யாரிடம் வளர்வது? பராமரிப்புத் தொகை எவ்வளவு? 1869-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கேள்விகளை நீண்ட காலம் நேர்மையற்ற முறையில் கேட்டது. கணவன், மனைவியின் விபசாரத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அடிபட்டதும் கைவிடப்பட்டதும் தனியே அவளுக்குக் காரணமாகவில்லை. 2001-ஆம் ஆண்டின் திருத்தமே இந்த ஏற்றத்தாழ்வை நீக்கியது. கொடுமை, கைவிடல் ஆகியவற்றை இருபாலாருக்கும் பொதுவான தனிக் காரணங்களாக்கியது. இருவரும் இசைந்து பிரியும் வழியையும் திறந்தது.

இங்கே வியப்புக்குரிய ஓர் ஒற்றுமையை நாம் காண்கிறோம். அந்தத் திருத்தத்துக்கு முன், மாவட்ட நீதிபதி வழங்கிய மணமுறிவுத் தீர்ப்பு, உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதிப்படுத்தும்வரை நிறைவு பெறாது. சேலத்தில் வென்ற பெண்ணும் சென்னையின் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். திருச்சபையிலும் அதே நிலைதான். 1741-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விதித்த ஒழுங்கின்படி, ஒரு தீர்ப்பாயம் திருமணம் செல்லாதது என்றால், இரண்டாவது தீர்ப்பாயமும் அதனை உறுதி செய்ய வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அக்கட்டாயத்தை நீக்கினார்; தெளிவான வழக்குகளை ஆயரே விரைந்து தீர்க்கும் குறுகிய முறையையும் ஏற்படுத்தினார். இரு மன்றங்களும் எச்சரிக்கையின் பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் மக்களைக் காக்க வைத்தன. இரண்டும் 15 ஆண்டு இடைவெளிக்குள் அதனை விட்டன. தாமதமான நீதியால் துன்புறுவோர் யார் என்பதை இரண்டுமே காலம் கடந்தேனும் உணர்ந்தன என நாம் கொள்ளலாம்.

நீதிமன்றம் சொன்னது

ஒரு மன்றத்தின் விடையை மற்றதன் விடையாக எடுத்துக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு, கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை சென்று 1996-இல் தீர்ந்த ஒரு வழக்கு சான்றாக நிற்கிறது. ஒருவர் தம் திருமணம் செல்லாதது என அறிவிக்கக் கோரினார். தம் மனைவிக்கு முந்தைய கணவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவர் காட்டிய காரணம். அம்முதல் திருமணத்தைத் திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாததென அறிவித்துவிட்டது என்று அப்பெண் மறுமொழி கூறினார். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நாடாளுமன்றச் சட்டம் ஓர் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் வழங்கியிருக்கும்போது, திருச்சபைத் தீர்ப்பாயம் அதற்கு இணையான அதிகாரத்தைச் செலுத்த முடியாது என்பதே அதன் முடிவு. திருச்சபைக்குள் அத்தீர்ப்பாயத்தின் சொல்லுக்கு மதிப்பு இருக்கலாம். நாட்டின் சட்டத்தில் முதல் திருமணம் அப்படியே நின்றது. அதனால் இரண்டாவது திருமணம் விழுந்தது.

இந்நிலையை மாற்ற வேண்டும் என்று மங்களூர்ப் பகுதியின் கத்தோலிக்க வழக்கறிஞர் கிளாரன்ஸ் பாயிஸ் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். முஸ்லிம்களின் தலாக் முறையை நீதிமன்றங்கள் ஏற்கும்போது, கத்தோலிக்கருக்குரிய திருச்சபைச் சட்டத்தின் தீர்ப்பை ஏன் ஏற்கக் கூடாது என்பது அவர் வாதம். 2017 ஜனவரியில் அம்மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் முத்தலாக் முறையே செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அவர் சுட்டிய ஒப்புமையும் வலுவிழந்தது.

அம்மனுவின் பின்னே இருந்த வேதனையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஒரே துன்பத்தை இரு மன்றங்களில், இரு முறை, அந்நியர்முன் சொல்ல வேண்டிய அவலம் சிறியதன்று. வேறு நாடுகளில் வேறு ஏற்பாடும் உண்டு. இத்தாலியில் 1929-ஆம் ஆண்டின் லாத்தரன் உடன்படிக்கை, திருச்சபைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு அரசின் பார்வையிலும் பயன் தந்தது. 1984-இல் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டபோது, அரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஆராய்ந்த பின்னரே ஏற்கும் என்றாயிற்று.

ஆயினும் நம் நாட்டில் இரு வாயில்களும் தனித்தனியே இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். திருச்சபைத் தீர்ப்பாயத்திடம் அமீனா இல்லை; சம்பளத்தைப் பற்றுகை செய்யும் ஆணை இல்லை; குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கச் செய்யும் காவலர் இல்லை. தன் தீர்ப்பில் இருவருக்கும், ஒருவர் மற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய கடமைகளை அது நினைவூட்டும். அவ்வளவே அதனால் இயலும். கடமையைச் செய்விக்கும் வலிமை இல்லாத ஒரு மன்றம் ஒருவரைச் சட்டப் பிணைப்பிலிருந்து விடுவித்துவிட்டால், விடுபட்டவர் வலிமை உள்ளவராகவும் கைவிடப்பட்டவர் வலிமையற்றவராகவும் இருக்கும் இடத்தில் யார் காப்பார்? மண்ணுலக நீதிமன்றத்தின் படிக்கட்டு நமக்கு வேம்பாக இருக்கலாம். ஆனால் பராமரிப்புத் தொகைக்காக வரும் ஒரு தாய்க்கு அப்படிக்கட்டுதான் நம்பிக்கை.

திருச்சபையே இதனை ஏற்றிருக்கிறது. கத்தோலிக்கரின் திருமணம் இறைச் சட்டத்தாலும் திருச்சபைச் சட்டத்தாலும் நெறிப்படுத்தப்படுகிறது. அதன் உலகியல் விளைவுகளில் அரசுக்கு உரிமை உண்டு என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1059-ஆம் விதி. நாட்டுச் சட்டம் ஏற்க இயலாத திருமணத்தை, ஆயரின் இசைவின்றி எந்தக் குருவும் நடத்தி வைக்கலாகாது என்கிறது 1071-ஆம் விதி. ஆகவே தீர்ப்பாயத்தின் ஆவணம் கையில் இருந்தும், “அரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு எங்கே?” என்று பங்குத்தந்தை கேட்டால், அவர் அரசுக்கு அஞ்சிக் கேட்கிறார் என்று முணுமுணுக்க வேண்டாம். திருச்சபையின் சட்டமே அவரை அவ்வாறு கேட்கச் சொல்கிறது.

எந்த ஊரில்?

அதிகாரம் யாருக்கு என்பதை அடுத்து, எந்த ஊரில் என்னும் கேள்வி எழுகிறது. ஏழைக்கு இதுவே பெரிய கேள்வி. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஆத்தூரில் பிறந்த பெண். திண்டுக்கல்லைச் சேர்ந்த மணமகன். திருமணம் திண்டுக்கல்லில் அவர் பங்குக் கோயிலில் நடந்தது. இருவரும் கடைசியாகக் குடியிருந்தது பெங்களூரில். பெண் இப்போது கைக்குழந்தையுடன் ஆத்தூரில் தாய்வீட்டில் இருக்கிறாள்.

மணமுறிவுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மூன்று இடங்களைக் குறிக்கிறது: திருமணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், அல்லது இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அது விசாரிக்கும். இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். ஆகவே இப்பெண் மணமுறிவு கோரித் திண்டுக்கல்லுக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டும். சேலத்தில் தாக்கல் செய்ய அச்சட்டம் நேரடியாக வழி சொல்லவில்லை. இந்து மனைவிக்கு, தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரும் உரிமையை 2003-ஆம் ஆண்டின் திருத்தம் தந்தது. கிறித்தவ மனைவிக்கு அத்தகைய திருத்தம் வரவில்லை. பராமரிப்புத் தொகை கோரும் மனுவையும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கோரும் மனுவையும் அவள் தான் இருக்கும் பகுதியிலேயே கொடுக்கலாம். வழக்கை வேறு ஊருக்கு மாற்றித் தருமாறு மேல் நீதிமன்றத்தை வேண்டவும் வழி உண்டு.

பழையது, கடுமையானது என நாம் எண்ணும் திருச்சபைச் சட்டமோ இங்கே அவளுக்கு அருகில் வருகிறது. திருமணம் நடந்த மறைமாவட்டம், இருவருள் எவரேனும் ஒருவர் குடியிருக்கும் மறைமாவட்டம், சான்றுகளில் பெரும்பாலானவை கிடைக்கும் மறைமாவட்டம் ஆகிய எதுவும் வழக்கை ஏற்கலாம் என்கிறது இன்றைய 1672-ஆம் விதி. அவள் தாய்வீட்டிலேயே குடியிருக்கிறாள் என்றால் சேலம் மறைமாவட்டத் தீர்ப்பாயம் அவள் மனுவைப் பெறலாம். நீதிபதியும் நீதி தேடுவோரும் கூடியவரை அருகருகே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் நோக்கங்களுள் ஒன்று. மற்றொரு தரப்பினரை அழைத்து, அவர் சொல்லையும் கேட்பது அங்கும் கட்டாயமே. ‘அறிவிக்காமலே முடித்துவிடலாம்’ என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நாட்டுச் சட்டத்தில் இக்குறை நீங்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை. அதுவரை, திருமணம் எந்த ஊரில் நடக்கிறது என்பது விருந்துக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் உரிய செய்தி அன்று என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

விடைகள் முரணும்போது

இரு மன்றங்களும் இரு கேள்விகளைக் கேட்பதால், ஒருவருக்கு ஓரிடத்தில் ‘ஆம்’ என்றும் மற்றோரிடத்தில் ‘இல்லை’ என்றும் விடை வரக்கூடும். குடித்து வந்து நாள்தோறும் அடிக்கும் கணவனிடமிருந்து அரசு நீதிமன்றம் ஒரு பெண்ணை விடுவிக்கிறது. தீர்ப்பாயமோ ஆராய்ந்து, திருமண நாளில் இருவரின் இசைவும் உண்மையானதே, பிணைப்பு நிலைக்கிறது என்கிறது. இன்னொருவருக்கு நேர்மாறாக, மணவாழ்வுக்குரிய உளத்திறன் துணைவரிடம் இல்லை என்று தீர்ப்பாயம் காண்கிறது. அக்காரணம் நாட்டுச் சட்டத்தின் குறுகிய பட்டியலில் அடங்காததால் அரசு நீதிமன்றம் கைவிரிக்கிறது.

இங்கே எளிய ஆறுதல் எதுவும் கிடைக்காது. இருபத்தைந்து வயதில் தனித்து விடப்பட்ட ஒருவரிடம் காத்திருங்கள் என்று சொல்வது சிலுவையைச் சுமக்கச் சொல்வதே. அதைச் சொல்லும் நாம், அச்சிலுவையின் மறுமுனையைத் தாங்கக் கைகொடுக்காவிட்டால், நம் சொல் வெறும் ஓசை.

ஆனாலும் அந்த ‘இல்லை’ எதற்காக என்பதனை எண்ண வேண்டும். தீர்ப்பாயத்தில் பிணைப்பின் காவலர் என்று ஒருவர் அமர்ந்திருக்கிறார். அங்கே வராத ஒருவருக்காக, மறந்துபோன ஒரு வாக்குறுதிக்காக, வாதாடுவதே அவர் பணி. அரசு நீதிமன்றம் பேச இயலாத குழந்தையின் நலனைக் கேட்கிறது. துன்புறும் நாம், நம் வலி ஒன்றையே முழு உண்மையாகக் காண்பது இயல்பு. நம் எதிரே இருப்பவரின் உண்மையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல நமக்கு வெளியே ஒருவர் வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர எவருக்கும் உரிமை இல்லை என்னும் பழைய நெறி, மணவாழ்விலும் பொருந்தும். விடுதலையை நாமே நமக்கு வழங்கிக் கொள்ள முடியாது என்பதுதான் இரு மன்றங்களும் ஒன்றுபோல் கற்பிக்கும் பாடம்.

யாரும் அமர்த்தாத நீதிபதிகள்

இறுதியாக ஒரு மன்றம் எஞ்சியிருக்கிறது. அதற்குச் சட்டம் இல்லை, வாய்தா இல்லை, மேல்முறையீடும் இல்லை. அது நம் தெருவிலும் கோயில் வாசலிலும் அன்பியக் கூட்டத்தின் முணுமுணுப்பிலும் கூடுகிறது. அதன் நீதிபதிகள் நாமேதான்.

அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற ஒரு பெண், ஞாயிறு திருப்பலியில் எல்லாரும் நற்கருணை வாங்க எழும்போது, தான் மட்டும் இருக்கையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் காட்சி நமக்குப் புதிதன்று. அவளை அமர்த்தி வைத்தது எந்தத் தீர்ப்பு? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. உரிமைகளையும் பிள்ளைகளையும் சொத்தையும் காக்க அரசின் மணமுறிவு ஒன்றே வழியாக இருக்குமானால் அதனைப் பொறுத்துக் கொள்ளலாம், அது பாவமாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மணமுறிவு பெற்றும் மறுமணம் செய்யாமல் வாழ்வோருக்கு, அந்த நிலை ஒன்றே அருள்சாதனங்களைத் தடை செய்வதில்லை என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். அவர்கள் நற்கருணையில் வலிமை பெற ஊக்கப்படுத்தப்பட வேண்டும் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். மறுமணம் செய்து கொண்டவர்களின் நிலை வேறு. அது தனியே, தம் குருவோடு அமர்ந்து தெளிய வேண்டியது. ஆனால் அடிபட்டு, பிரிந்து, பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒருத்தியைப் பந்தியிலிருந்து விலக்கும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஆயரும் வழங்கவில்லை, அரசும் வழங்கவில்லை.

அதிகாரம் கேள்வியைப் பொறுத்தது. பிணைப்பு உண்டானதா என்பதைத் திருச்சபையிடம் கேட்போம். சட்ட உரிமையும் பிள்ளைகளின் நலனும் அரசு நீதிமன்றத்தைச் சேர்ந்தவை, அங்கே கேட்போம். முத்திரைத்தாளை நம்பி ஒரு மகளின் வாழ்வை அடகு வைக்காதிருப்போம். சிக்கலில் இருக்கும் குடும்பம் நம்மிடம் வரும்போது, ‘விட்டுவிடு’ என்றோ ‘பொறுத்துக்கொள்’ என்றோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், அவர்களைப் பங்குத்தந்தையிடமும் நேர்மையான ஒரு வழக்கறிஞரிடமும் அழைத்துச் செல்ல ஒரு நாள் ஒதுக்குவோம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வோம், மற்றவை பிறகு.

வரும் ஞாயிறன்று அந்த இருக்கையில் அவள் மீண்டும் தனித்து அமர்ந்திருந்தால், அவளருகே சென்று அமர்வதற்கு எந்த நீதிமன்றத்தின் ஆணையும் தேவையில்லை.